ஏழாம் இலக்க மட்டையும் அறுத்த வயலும்

வன்னி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் நுவரெலியாவில் பிறந்தவன். பதின்மூன்று வயதில் அங்குள்ள கோல்ப் மைதானத்தில் ஆட வருபவர்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்தேன். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் கிளிநொச்சிக்கு வந்தபோது என்னிடம் ஒரே ஒரு மட்டை இருந்தது. பிடி தேய்ந்த ஏழாம் இலக்க இரும்பு மட்டை. 2009-இல் அதுவும் வீட்டோடு போயிற்று. இப்போது இன்னொன்று வைத்திருக்கிறேன். அதுவும் ஏழுதான்.

ஒருவர் பையில் 14 மட்டைகள் வரை வைத்திருக்கலாம் என்பது விதி. இரும்பு மட்டைகளில் இலக்கம் கூடக் கூட, பந்தைத் தொடும் முகம் அதிகமாகச் சாய்ந்திருக்கும். பந்து உயரமாக எழுந்து கிட்ட விழும். ஏழு நடுவில் நிற்கிறது. பழைய மட்டைகளில் அதன் சாய்வு ஏறத்தாழ 34 பாகை. இப்போது தூரம் போகவேண்டும் என்பதற்காக 30 பாகைக்கும் குறைத்துச் செய்கிறார்கள். எனக்குப் பழைய சாய்வுதான் பிடிக்கும்.

நம் மண்வெட்டியை நினைத்துப் பாருங்கள். அதே தகடு வரம்பு கட்டுகிறது, வாய்க்கால் திறக்கிறது, புல்லும் செருக்குகிறது. பிடிக்கிற கைதான் சாய்வை மாற்றுகிறது. ஏழாம் இலக்க மட்டையும் அப்படித்தான். முழு வீச்சில் அடித்தால் பழகிய ஒருவருக்குப் பந்து சுமார் 130 மீற்றர் போகும். மரக்கிளைக்குக் கீழால் அனுப்ப வேண்டுமா? வலக்கை ஆட்டக்காரர் பந்தை வலது காலடிக்குக் கிட்ட வைத்து, கைகளைப் பந்துக்கு முன்னே தள்ளி, வீச்சைப் பாதியில் நிறுத்தினால் போதும். பந்து தாழ்வாகச் சீறிக்கொண்டு போகும். குழிக்குப் பக்கத்தில் அதே நிலையில் மெல்லத் தட்டினால், பந்து சிறிது தூரம் பறந்து மீதித் தூரம் உருளும். பந்து மரத்தடியை ஒட்டிக் கிடந்து நிற்க இடமில்லாவிட்டால், மட்டையைத் தலைகீழாகத் திருப்பி இடக்கைக்காரரைப் போல அடித்து வெளியே எடுக்கலாம். பெரியவர்கள் தவித்து நின்ற இடத்தில் இதைச் செய்துகாட்டி நான் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

1971 பெப்ரவரியில் அமெரிக்க விண்வெளி வீரர் அலன் ஷெப்பர்ட் சந்திரனில் பந்து அடித்ததும் நடுத்தர மட்டையால்தான். ஆறாம் இலக்க மட்டையின் தலையை, மண் மாதிரி எடுக்கும் கருவியின் கைப்பிடியில் பூட்டி அடித்தார். விண்வெளி உடை தடித்திருந்ததால் ஒற்றைக் கையால் வீசினார்.

மைதானம் இல்லையே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். காலபோக அறுவடை முடிந்த வயல் போதும், ஈரம் முழுதாக வற்றுவதற்கு முன். பந்துகூட வேண்டாம். ஒரு தடியால் மண்ணில் நேர்கோடு கீறுங்கள். பந்து அந்தக் கோட்டில் இருப்பதாக எண்ணி மட்டையை வீசுங்கள். பிறகு குனிந்து பாருங்கள். மட்டை மண்ணைத் தொட்ட தழும்பு கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால், பந்துக்கு முன் மண்ணை அடித்துவிட்டீர்கள். மணிக்கட்டும் அதைச் சொல்லும். தழும்பு கோட்டுக்கு முன்னால், பந்து போகும் பக்கத்தில் தொடங்க வேண்டும். எந்த இரும்பு மட்டைக்கும் இந்தக் கோட்டைவிட நல்ல ஆசிரியரை நான் கண்டதில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பந்து பற்றைக்குள் போய்விட்டால், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ஒருபோதும் தேடிப் போகாதீர்கள். பந்து போகட்டும்.

சென்ற மாசியில் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி இப்படிக் கோடு கீறிப் பழகினாள். முதல் நாள் அவளுடைய தழும்புகள் எல்லாம் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் கிடந்தன. பத்தாம் நாள் மாலை "மாமா, வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டாள். கோட்டுக்கு முன்னால், இரண்டு விரற்கடை தள்ளி, புது மண் கிளம்பியிருந்தது.