காற்று எங்கே போகிறது?

(யாழ்ப்பாணத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

சபையோருக்கு வணக்கம்.

ஆறு மணிக் கூட்டம் ஆறரைக்குத் தொடங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் இதை நேரத்தோடு தொடங்கியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். "உயர் பதவி தேடுவோர் தமது குறைகளை வெல்வது எப்படி" என்று ஏற்பாட்டாளர்கள் தலைப்புத் தந்திருக்கிறார்கள். வெல்வது கிடக்கட்டும், எது குறை என்பதையே நாங்கள் பிழையாகத்தான் பிடிக்கிறோம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சின்ன வயதில் ஒரு நாள் அப்பாவின் சைக்கிள் பின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. டயரில் ஒரு முள் குத்தி நின்றது. கொக்குவிலில் இருந்த சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போய், முள்ளைக் காட்டி, "ஐயா, இதிலை ஒட்டுப் போடுங்கோ" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ரியூபை வெளியே இழுத்துக் காற்றடித்து, அழுக்குத் தண்ணீர்ச் சட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிச் சுற்றினார். முள் குத்திய இடத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை. சுற்றி முடிகிற நேரம் வால்வின் அடியில் பொட்டுப் பொட்டாகக் குமிழி வந்தது. "முள்ளு கண்ணுக்குத் தெரியுது, அதான் நீ அதையே பாக்கிறாய்" என்றார். அன்றைக்கு எனக்கு அது வெறும் சைக்கிள் கதை.

2022இல் என் வேலை போனது. அப்போது எனக்கு 46 வயது. கொழும்பில் இறக்குமதி செய்யும் ஒரு கொம்பனியில் 19 வருடம் இருந்தேன், கடைசியாக நிதிப் பிரிவின் தலைவராக. அந்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அரசாங்கம் அறிவித்தது ஞாபகம் இருக்கும். டொலர் இல்லை, சரக்கு இல்லை. சரக்கு இல்லாத இடத்தில் நிதிப் பிரிவுக்கு ஒரு தலைவர் எதற்கு? முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார்.

நான் மூன்று இடங்களில் நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். மூன்றிலும் கடைசிச் சுற்று வரை வந்து விழுந்தேன். என் குறை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சுயவிபரக்கோவையில் 1995இலிருந்து 1997 வரை ஒரு வெற்றிடம். 1995 ஒக்டோபர் 30 இரவு மழைக்குள், போரில் இடம்பெயர்ந்து, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நடந்ததே, அந்தச் சனத்துக்குள் நானும் ஒருவன். உயர்தரம் எடுத்துவிட்டுப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருந்த வயது. பிறகு படிப்பு ஒழுங்காகத் தொடர இரண்டு வருடம் எடுத்தது.

ஆகவே நேர்முகத்தில் யாரும் கேட்க முதலே நான் அதைச் சொல்லத் தொடங்கிவிடுவேன். மழை, பாலம், சைக்கிள் கரியரில் அரிசிப் பை, அம்மம்மாவை மாறி மாறித் தூக்கியது, சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்குள் ஏழு குடும்பம். ஒரு இடத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசியிருப்பேன். பணிப்பாளர் அம்மா ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து கை தந்தார். இரண்டு வாரத்தில் "வருந்துகிறோம்" கடிதமும் வந்தது.

உயர் பதவிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் முகவர் ஒருவர் எனக்குப் பழக்கம். வெள்ளவத்தையில் ஒரு கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, என்னதான் நடந்தது என்று அவரிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார்: "மச்சான், அந்த 1995ஐ ஒருத்தரும் கேட்கவில்லை. நீதான் கேளாமலே சொன்னாய். அவர்களுடைய பயம் வேறு. 19 வருடம் ஒரே முதலாளிக்குக் கீழ் இருந்தவன். புது இடத்தில் தாக்குப்பிடிப்பானா? அதைவிட, முதலாளியைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல இவனுக்கு வருமா?"

எனக்குத் தேத்தண்ணி உள்ளே இறங்கவில்லை. ஏனென்றால் அந்த 19 வருடத்தைத்தான் என் பெரிய பலம் என்று நினைத்திருந்தேன். விசுவாசம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். முள்ளைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், காற்றுப் போனது வால்வால்.

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். அந்த 19 வருடத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தேன். ஒரே கொம்பனிதான், ஆனால் உள்ளே மூன்று வேலை. முதலில் களஞ்சியக் கணக்கு. அப்புறம் கையால் எழுதிய கணக்கை மென்பொருளுக்கு மாற்றியது. கடைசியில் நிதித் தலைமை. முதலாளியோடு முட்டியதும் உண்டு. 2009க்குப் பிறகு பாதை திறந்ததும், வடக்கில் கிளை போட்டுக் கடனுக்குச் சரக்கு அள்ளிக் கொடுக்க அவர் அவசரப்பட்டார். நான் மறித்தேன். எட்டு மாதம் எங்களுக்குள் வேலைக் கதையைத் தவிர வேறு கதை இல்லை. கடன் திரும்பி வராது என்று நான் சொன்னது சரியாகத்தான் போனது. ஆனால் கிளையே வேண்டாம் என்றது பிழை. அடுத்த நேர்முகத்தில் இரண்டையும் சொன்னேன், என் பிழையையும் சேர்த்து. 1995க்கு இரண்டே வசனம்: "இடப்பெயர்வில் இரண்டு வருடம் போனது. அந்தக் காலத்தில் சாவகச்சேரியில் ஒரு கடையில் கணக்கெழுதிப் பழகினேன்." அவ்வளவுதான். அந்த வேலை கிடைத்தது, இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

1995ஐ மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுக்க வேண்டாம். அது எங்கள் கதை, சொல்ல வேண்டிய இடங்களில் சொல்லத்தான் வேண்டும். பதவிக்கு ஆள் எடுக்கிற மேசை அந்த இடம் இல்லை.

சுயவிபரக்கோவை பற்றி ஒரு சின்னப் புறக்கதை. 50 வயது முகாமையாளர் ஒருவர் தன்னுடையதை எனக்குக் காட்டினார். முதல் பக்கத்தில் சாதாரண தரப் பெறுபேறு, பாடம் பாடமாக. அதற்குக் கீழே பாடசாலை மாணவர் தலைவர். 300 பேரை வைத்து வேலை வாங்கியவர் அவர், அந்த விஷயம் மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. (சிரிப்பு.) சிரிக்கிறவர்கள் வீட்டுக்குப் போய் உங்களுடையதைத் திறந்து பாருங்கள்.

சரி, எங்கள் ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்கிற குறை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "நாங்கள் செய்தோம்" என்கிறோம். "நான்" என்ற சொல் வாயில் வருவதில்லை. வளர்ப்பு அப்படி. நான் நான் என்று பேசுகிற பிள்ளைக்கு வீட்டில் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வேறு மாதிரித்தான் கேட்கிறது. ஒன்றில் இவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர், அல்லது பொறுப்பை ஏற்கப் பயப்படுகிறவர்.

தன்னைத் தானே புகழ்வது தகாது என்று நன்னூல் சொல்கிறது. எத்தனை துறை நூல்களைச் செய்து முடித்தவனுக்கும் அது தகாது. நல்லூர் ஆறுமுக நாவலர் அதற்குக் காண்டிகையுரை எழுதியவர். அந்த ஊர்க்காரர் நாங்கள், ஆகவே அந்தச் சூத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். பக்கத்திலேயே அடுத்த சூத்திரம் நிற்கிறது, அதைப் புரட்டவில்லை. நான்கு இடங்களில் தற்புகழ்ச்சி தகும் என்கிறது அது. "மன்னுடை மன்றத்து ஓலைத்தூக்கினும்" என்பது முதலாவது. அரசனுடைய சபைக்கு ஓலை விடுக்கும்போது, அதாவது புலவர் அரசனுக்குச் சீட்டுக்கவி அனுப்பும்போது. இரண்டாவது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே. மூன்றாவது, சபையில் வெல்ல வேண்டிய பொழுது. நான்காவது, எதிராளி தன்னைப் பழித்த போது.

விண்ணப்பம் எழுதுவது முதலாவது இடம் இல்லையா? முன்பின் தெரியாத ஐந்து பணிப்பாளர்களுக்கு முன் இருப்பது இரண்டாவது. இலக்கணமே அனுமதி தந்திருக்கிறது, பிறகு உங்களுக்கு என்ன கூச்சம்? அதற்காகக் கூட இருந்தவர்களை விழுங்கிவிட வேண்டாம். "ஆறு பேர் கொண்ட குழு. திட்டத்தை நான் போட்டேன். வங்கியோடு பேசியது நான். மென்பொருள் வேலை முழுக்க என் உதவியாளருடையது." இப்படிப் பிரித்துச் சொன்னால் பொய்யும் இல்லை, பெருமையடிப்பும் இல்லை. கேட்பவருக்கு உங்கள் அளவும் தெரிந்துவிடும்.

உங்கள் குறை என்ன என்று நேராகவே கேட்பார்கள். "எனக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் சேர், அதுதான் என் குறை" என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம். அன்று காலையில் அதைச் சொல்கிற நான்காவது ஆளாக நீங்கள் இருப்பீர்கள்.

உண்மையான குறைகளும் இருக்கின்றன, அவற்றுக்குச் சுருக்கமாக வருகிறேன். கொழும்பில் பெரிய பதவி கேட்டுவிட்டுச் சிங்களம் தெரியாது என்றால் அது குறைதான். உரிமை வேறு, வேலை வேறு. "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்ற பதிலால் ஒன்றும் ஆகாது. எந்த அளவில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். "களஞ்சியத்தில் ஊழியர்களோடு கதைப்பேன், கடிதம் வாசிப்பேன், எழுத இன்னும் வராது." இது கேட்பவர் நம்பக்கூடிய பதில்.

வயதை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. தனியார் துறையில் ஓய்வு வயதை 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 60 வரை கொண்டுபோனது. அதற்கு முன் பல இடங்களில் 55இல் அனுப்பிவிடுவார்கள். 48 வயதுக்காரருக்கு முன்னால் 12 வருடம் கிடக்கிறது. இந்தக் காலத்தில் 30 வயதுக்காரர் ஒருவர் அவ்வளவு காலம் இருப்பார் என்று எந்தக் கொம்பனி நம்புகிறது? விமானச் சீட்டோடு திரிகிற காலம்.

2022இல் கிளை மூடியவர்கள், வியாபாரம் படுத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். பழி எல்லாவற்றையும் பொருளாதார நெருக்கடியில் போடாதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் அதே பெற்றோல் வரிசையில் நின்றவர்கள்தான். நீங்கள் எந்த மாதத்தில் ஆபத்தைக் கண்டீர்கள், எந்த மாதத்தில் கண்டிருக்க வேண்டும், இடையில் எவ்வளவு போனது என்பதைத்தான் அவர்கள் கேட்க விரும்புகிறார்கள்.

இனி அந்தத் தண்ணீர்ச் சட்டிக்கு வருவோம். வால்வில் காற்றுப் போவது தானாகத் தெரியாது, இன்னொருவர் அமுக்கிக் காட்ட வேண்டும். உங்களுக்கு மேலே இருந்த ஒருவர், கீழே இருந்த ஒருவர், உங்களோடு முரண்பட்டுப் பிரிந்த ஒருவர் என்று மூன்று பேரைப் பிடியுங்கள். "என் குறை என்ன?" என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை, முதுகுக்குப் பின்னால்தான் தாராளம். "எந்தக் கூட்டத்துக்கு என்னை அனுப்ப யோசிப்பீர்கள்?" என்று கேளுங்கள், வாய் திறப்பார்கள். என்னிடம் முன்பு வேலை செய்த பொடியன் ஒருவன், "சேர், விற்பனைப் பிரிவுக் கூட்டத்துக்கு" என்று ஒரு நொடிகூட யோசியாமல் சொன்னான். "நீங்கள் அங்கே வந்தால் ஒருவரும் உண்மையான கணக்குச் சொல்லமாட்டார்கள்." இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அவன் சொன்னது சரி.

கேள்வி நேரத்தில் ஒரு தங்கச்சி எழுந்தார். 2018இல் கணக்காளர் வேலையை விட்டுவிட்டு ஆறு வருடம் சுகவீனமான அம்மாவைப் பார்த்திருக்கிறார். அந்த இடத்தை "சுயாதீன ஆலோசகர்" என்று நிரப்பச் சொல்லி லண்டனில் இருக்கும் மச்சாள் சொன்னாராம், போடலாமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். யாருக்கு ஆலோசனை சொன்னீர்கள் என்ற முதல் கேள்வியிலேயே அது உடையும். "2018 - 2024: குடும்பப் பராமரிப்பு" என்று ஒரு வரி போதும். அம்மாவைப் பார்த்ததற்கு யாரும் குறை பிடிக்கப் போவதில்லை. உங்கள் கணக்கு 2018இலேயே நின்றுவிட்டதா என்பதுதான் அவர்களுடைய பயம். நீங்கள் வேலையை விடும்போது வற் வரி 15 வீதம். பிறகு 8, அப்புறம் 12, திரும்ப 15. இப்போது எவ்வளவு, எப்போதிலிருந்து?

"18 வீதம் சேர். 2024 ஜனவரி 1." நின்ற இடத்தில் நின்றபடியே சொன்னார்.

அடுத்த கேள்வி, பின்வரிசையில் அந்தத் தம்பி.