லூயிஸ் கவான் டஃபி: போராட்டமா, பள்ளிக்கூடமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அயர்லாந்துப் பெண் போராளி லூயிஸ் கவான் டஃபியின் வாழ்வில் விஞ்சி நிற்பது போராட்டமா, பள்ளிக்கூடமா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் 1916-ஐத் தாண்டி வரவே இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து வெடித்த ஈஸ்டர் எழுச்சி, போராளிகள் தலைமையகமாக்கிய டப்ளின் தலைமைத் தபால் நிலையம், குண்டு மழை என்று கைதட்டல் வாங்கிவிட்டு, "தலைமையாசிரியர் பதவியெல்லாம் போராடி முடித்தவருக்குக் கிடைத்த ஓய்வு" என்றார்.

சரி, அந்தத் தபால் நிலையத்துக்கே போவோம். ஈஸ்டர் திங்களன்று எம்.ஏ. ஆய்வேட்டோடு உட்கார்ந்திருந்தவர், செய்தி கேட்டு நேரே தளபதி பேட்ரிக் பியர்ஸைப் போய்ப் பார்த்தார். இந்த எழுச்சி தவறு, ஆனாலும் நான் இங்கே இருந்தாக வேண்டும் என்றார். பியர்ஸ் அவரைச் சமையற்கட்டுக்கு அனுப்பினார். வாரம் முழுக்க அடுப்படிதான். பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களும் அங்கேதான் எடுபிடி வேலை பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை காயம்பட்டவர்களோடு ஜெர்விஸ் தெரு மருத்துவமனைக்கு வெளியேறினார். நான் இதைக் குறைத்துப் பேசவில்லை. செய்வது தவறென்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அதே ஆட்களுக்குப் பசியாற்ற எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஆனால் அது ஒரு வாரம் ஐயா, ஒரே வாரம்.

அடுத்த ஆண்டு, 1917-இல், அன்னி மெக்ஹியூவோடு சேர்ந்து டப்ளினில் பெண் பிள்ளைகளுக்காக ஸ்கோல் வ்ரீடே பள்ளியைத் தொடங்கினார். பாடமெல்லாம் ஐரிஷ் மொழியில். ஆங்கிலேயர் ஆட்சி நடக்கும்போதே! இத்தனைக்கும் அவர் பிறந்து வளர்ந்தது பிரான்சின் நீஸ் நகரில். 1903-இல் தந்தையின் இறுதிச் சடங்குக்கு வந்தபோதுதான் அயர்லாந்தையே பார்த்தார். ஐரிஷ் மொழியை வளர்ந்து ஆளான பிறகு கற்றவர் அவர். அந்தப் பள்ளியில் ராணுவம் சோதனை போட்டது; தேடப்பட்டவர்கள் அங்கே ஒளிந்திருந்தார்கள். எதிரணி நண்பரே, இதுவா ஓய்வு?

அப்புறம், 1914-இல் குமான் ந மன் என்ற பெண்கள் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர் என்றீர்கள். உண்மைதான். பிரிட்டனோடு அயர்லாந்துத் தலைவர்கள் 1921-இல் செய்துகொண்ட ஆங்கிலோ-ஐரிஷ் ஒப்பந்தத்தை அந்த அமைப்பு எதிர்த்தது. ஒப்பந்தத்தை ஆதரித்த லூயிஸ் 1922-இல் விலகிவிட்டார். இயக்கத்தை விட்டவர் பள்ளியை விடவில்லையே! 1944 வரை நடத்தினார்.

இன்னொன்று. நீங்கள் கொண்டாடும் தளபதி பியர்ஸே ஒரு தலைமையாசிரியர்தான், நடுவர் அவர்களே. 1908-இல் டப்ளினின் ஓக்லி சாலையில் தன் பள்ளியைத் தொடங்கியவர். லூயிஸின் பள்ளி இப்போது நடப்பதும் அதே ஓக்லி சாலையில்தான்.