மைக்கின் முன்னால் நின்று பாடியவர்கள்

நண்பர்களே, வணக்கம்.

வார்னர் பிரதர்ஸ் 1929-இல் எடுத்த 'த டெசர்ட் சாங்' படத்தை முதல்முறை பார்த்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. மேடை நாடகத்தை அப்படியே படம் பிடித்துவிட்டார்கள், ஆள் அசையவே மாட்டேன் என்கிறாரே என்று நினைத்தேன். அந்த நினைப்பு தப்பு என்று பிறகுதான் புரிந்தது.

பேச்சும் பாட்டும் கலந்து வருகிற, காதலும் வேடிக்கையும் நிறைந்த இசை நாடகம்தான் ஓப்பரெட்டா. பாரிஸிலும் வியன்னாவிலும் வளர்ந்து நியூயார்க் வரை போனது. 'த டெசர்ட் சாங்' அப்படியொரு ஓப்பரெட்டாதான். அந்த நாடகத்துக்கு இசையமைத்த சிக்மண்ட் ராம்பர்க், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். நாடகம் 1926 நவம்பர் கடைசியில் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் ஏறி, 471 முறை நடந்தது. மொராக்கோவின் ரிஃப் மக்கள் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து எழுந்ததுதான் பின்னணி. முகமூடி போட்டு அவர்களுக்குத் தலைமை தாங்குகிறவன், பிரெஞ்சு ஜெனரலின் சொந்த மகன். வீட்டிலோ அசடு மாதிரி நடிப்பான்.

ஊமைப்படக் காலத்திலேயே ஓப்பரெட்டாவைப் படமாக்கினார்கள் என்றால் நம்புவீர்களா? லெஹார் இசையமைத்த 'மெர்ரி விடோ' ஓப்பரெட்டாவை 1925-இல் இயக்குநர் ஸ்ட்ரோஹைம் எடுத்தார். பாட்டுக்காகவே ஊர் கொண்டாடிய நாடகத்தில் திரையில் ஒருவரும் பாட முடியாது! ஒலி வந்ததும் ஸ்டூடியோக்கள் ஓப்பரெட்டாவைத் தேடி ஓடியதில் ஆச்சரியமே இல்லை.

சரி, ஆள் ஏன் அசையவில்லை? கேமரா மோட்டாரின் இரைச்சல் மைக்கில் விழும் என்று கேமராவையும் அதை இயக்குபவரையும் ஒலி புகாத கூண்டுக்குள் அடைத்துவிட்டார்கள். மைக்கோ ஓரிடத்தில் நிலையாக இருக்கும். விலகினால் குரல் தேய்ந்துவிடும். வார்னரின் வைட்டாஃபோன் முறையில் ஒலி பதிவானது 16 அங்குல இசைத்தட்டில். ஒரு தட்டு சுமார் 11 நிமிடம், அதாவது ஒரு ரீல். தட்டை வெட்டி ஒட்ட முடியாது. அதனால் பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, பாடகர் பாட, வாத்தியக்காரர்கள் அங்கேயே வாசிக்க, பாட்டை ஒரே மூச்சில் எடுத்தார்கள். பிசிறு தட்டினால் முதலிலிருந்து பாட வேண்டியதுதான்.

முன்கூட்டியே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்கும் முறை சீக்கிரமே வந்துவிட்டது. அப்புறம் எல்லாம் மாறியது. அதே கதையை 1934-இல் இயக்குநர் லூபிட்ச் ஒலியோடு எடுத்த 'மெர்ரி விடோ'வில் கேமரா நடனக்காரர்களோடு சேர்ந்து சுழல்கிறது. அழகான படம், மறுக்கவில்லை. ஆனால் பாடுகிறவரின் தொண்டை நரம்பு புடைக்கும்போதே அந்த ஒலியும் நம் காதில் விழுகிறதே, அந்தச் சுகத்தை நான் 1929 படத்தில்தான் அனுபவித்தேன்.

இடையில் பாட்டுப் படங்கள் ஜனங்களுக்குச் சலித்தும் போயின. 1930 முடிவதற்குள், எடுத்து முடித்த படங்களிலிருந்தே பாட்டுகளை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். 'த டெசர்ட் சாங்'கின் சில பகுதிகள் வண்ணத்தில் எடுக்கப்பட்டவை. நமக்கு மிஞ்சியிருப்பது கருப்பு வெள்ளைப் பிரதி மட்டும். எனக்கு அது பெரிய வருத்தம்.

இப்போது இந்தப் படத்தின் நாயகன் ஜான் போல்ஸ் பாடும் காட்சியைப் போடப் போகிறேன். அவர் மூச்சு எடுக்கும் இடங்களைக் கவனித்துக் கேளுங்கள். தம்பி, விளக்கை அணைத்துவிடுங்கள்.