நாலாவது பெடல் வாங்குவதற்கு முன்னால் இருக்கிற மூன்றைக் கலைத்துப் போடுங்கள்

[திரை: சிமெண்டுத் தரையில் மூன்று பெடல்கள், குட்டைக் குட்டையாகப் பேட்ச் கேபிள்கள், ஓரமாக ஒரு சின்ன ஆம்ப்]

வணக்கம். தரையில் மூன்று கிட்டார் பெடல் கிடக்கிறது: ஒலியைக் கிழித்துச் சீற வைக்கிற ஒரு ஃபஸ், கரகரப்பாக்குகிற ஒரு ஓவர்டிரைவ், எதிரொலி தருகிற ஒரு டிலே. இன்றைக்குப் புதிதாக எதையும் அறிமுகப்படுத்தப் போவதில்லை, இந்த மூன்றையே இடம் மாற்றி மாற்றிச் செருகிக் கேட்கப் போகிறோம். மூன்று பெடலை ஆறு விதமாக அடுக்கலாம், ஆறும் வேறு வேறு மாதிரி ஒலிக்கும், அதில் குறைந்தது இரண்டு உங்களுக்குப் பிடிக்கும், ஒன்று நிச்சயம் சகிக்காது. நம்ம மலேசியச் சுங்கை சிப்புட் பிள்ளைகள் நாலாவது பெடலுக்காக ஈப்போவுக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால், இல்லையென்றால் போனில் ஆர்டர் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்காருவதற்கு முன்னால், இந்த ஒரு வேலையைச் செய்துவிடலாம். ஐந்து காசு செலவில்லை.

அடிக்கடி வருகிற கேள்வி, "அண்ணே, சரியான வரிசை எது?" என்பதுதான். இணையம் முழுக்க ஒரே பதில் கிடைக்கும்: டியூனர், வா, கம்ப்ரசர், டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே, கடைசியில் ரிவெர்ப். தப்பில்லை, தொடங்குவதற்கு நல்ல வரிசை. ஆனால் ஏன் அப்படி என்று தெரியாமல் மனப்பாடம் செய்தால் எப்போது அதை மீறலாம் என்பதும் தெரியாமலே போய்விடும்.

சரி, முதலில் ஓவர்டிரைவும் டிலேயும். ஃபஸ் அணைந்திருக்கிறது.

[ஒலி: ஓவர்டிரைவ் முதலில், டிலே பின்னால். ஒரு கார்டை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) அடித்து நிறுத்துவது]

கேட்டீர்களா, கரகரப்பான கார்ட், அதே கார்ட் கொஞ்சம் சின்னதாக, இன்னும் சின்னதாக, அப்புறம் காணாமல் போகிறது. இப்போது இரண்டையும் மாற்றிச் செருகுகிறேன். நாப் எதையும் தொடவில்லை.

[ஒலி: டிலே முதலில், ஓவர்டிரைவ் பின்னால்]

எதிரொலி தேயவே மாட்டேன் என்கிறது, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கஞ்சியாகிறது. காரணம் இதுதான். ஓவர்டிரைவ் முதலில் சிக்னலைப் பல மடங்கு பெரிதாக்கும், பிறகு ஓர் எல்லைக்கு மேலே போனதை வெட்டிவிடும். வெட்டுகிற வேலை பெரும்பாலும் டயோடுகளுடையது, சாதாரண சிலிக்கன் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டுக்கு மேல் சிக்னலைத் தலை தூக்க விடாது. அப்படி வெட்டிய பிறகு மெதுவாக வந்ததும் ஓங்கி வந்ததும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். டிலே முன்னால் இருந்தால் அதன் தேய்ந்துபோன மூன்றாவது எதிரொலியைக்கூட ஓவர்டிரைவ் பிடித்து மேலே தூக்கிவிடுகிறது. அதோடு, வெட்டும்போது இரண்டு சுரங்கள் ஒன்றாக உள்ளே வந்தால் அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் புதுச் சுரங்கள் பிறக்கும், அவற்றில் பல நீங்கள் வாசிக்கிற ஸ்கேலில் அடங்காது. பழைய கார்டின் எதிரொலியும் புதுக் கார்டும் ஒன்றாக வெட்டப்படும்போது கிடைக்கிற சேறு அதுதான்.

ஆனால் அந்தச் சேறு வேண்டாம் என்று யார் சொன்னது? ஒற்றைச் சுரமாக, மெதுவாக, எதிரொலியின் அளவைக் குறைத்து வாசித்துப் பாருங்கள். டிலே முன்னால் இருக்கும்போது எதிரொலி உடைந்த பழைய ஒலிபெருக்கியில் வருவது போல மூச்சு வாங்கும். மெதுவான பாட்டின் முன்னிசைக்கு எனக்கு அந்த ஒலிதான் வேண்டும். கார்டுக்கு ஒரு வரிசை, தனிச் சுரத்துக்கு இன்னொரு வரிசை.

அடுத்தது ஃபஸ். இது கொஞ்சம் கோபக்காரப் பெடல், அதனால் இதிலே நேரம் எடுத்துக்கொள்வோம்.

ஃபஸ் ஒலியே ஒரு கோளாறில் பிறந்தது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஒரு பதிவின்போது மிக்சரின் ஒரு சானல் பழுதாகி, பேஸ் கிட்டார் ஒலி கிழிந்த மாதிரி வந்தது. வந்ததைத் தூக்கிப் போடாமல் அப்படியே விட்டார்கள், பிறகு அதே ஒலியை ஒரு பெட்டிக்குள் அடைத்தார்கள். 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் விற்பனைக்கு வந்தது அப்படித்தான். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ், வட்டமாக, சிரிக்கிற முகம் மாதிரி இருக்குமே, அதன் உள்ளே இரண்டே டிரான்சிஸ்டர். நான் இங்கே வைத்திருப்பது அந்தச் சர்க்கியூட்டைப் பின்பற்றிச் செய்தது.

இந்த வகைப் ஃபஸ்ஸின் குணம் என்னவென்றால், அதன் உள்வாசல் மின்தடை மிகவும் குறைவு, சில ஆயிரம் ஓம்தான். மற்ற பெடல்கள் 5 லட்சம், 10 லட்சம் ஓம் என்று வைத்திருக்கும். அதனால் ஃபஸ் கிட்டாரின் பிக்கப்போடு (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்குகிற சுருள்) நேராகப் பிணைந்து வேலை செய்கிறது, பிக்கப்பின் சுருளும் ஃபஸ்ஸின் முதல் டிரான்சிஸ்டரும் சேர்ந்து ஒரே சர்க்கியூட் ஆகிவிடுகின்றன. கிட்டாரில் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் போதும், சீற்றம் அடங்கி மணி மாதிரி சுத்தமாகும்.

[ஒலி: கிட்டார் வால்யூம் 10-லிருந்து 6-க்கு இறங்குவது]

இப்போது கிட்டாருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவில் ஒரு டியூனரை நுழைக்கிறேன். இந்த டியூனருக்குள் பஃபர் (சிக்னலை வாங்கி, வலுவாக அனுப்புகிற ஒரு சின்னச் சர்க்கியூட்) இருக்கிறது, பாஸ் (Boss) நிறுவனத்தின் பெடல்களில் பெரும்பாலும் இருப்பது போல, அணைத்து வைத்திருந்தாலும் சிக்னல் அந்தப் பஃபர் வழியாகத்தான் போகும். கேளுங்கள், ஃபஸ் கீச்சென்று கத்துகிறது, வால்யூமைக் குறைத்தாலும் அந்த அழகான சுத்தம் வரவில்லை. ஃபஸ்ஸுக்கு இப்போது பிக்கப் தெரியவில்லை, பஃபர்தான் தெரிகிறது. ஆகவே பழைய வகைப் ஃபஸ்ஸை எல்லாவற்றுக்கும் முன்னால், டியூனருக்கும் முன்னால் வையுங்கள். "டியூனர்தான் முதலில்" என்ற விதி இங்கே செல்லாது.

இன்னொன்று, நம்ம ஊர் ஆட்களுக்கு மட்டும். ஃபஸ்ஸில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இருந்தால் அதற்கு வெயில் ஆகாது. ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியசுக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இரவில் வீட்டில் காற்றாடி போட்டு அருமையாகச் செட் பண்ணியது, மறுநாள் மத்தியானம் தோட்டத்து மண்டபத்தில், தகரக் கூரைக்கு அடியில், கல்யாண விருந்தில் வாசிக்கும்போது தும்மித் தும்மி அறுந்து அறுந்து வரும். பெடல் கெட்டுப்போகவில்லை, அதற்கு வேர்க்கிறது, அவ்வளவுதான். வெளியே வாசிக்கிறவர்கள் சிலிக்கன் டிரான்சிஸ்டர் உள்ளதை வாங்குங்கள், அல்லது டிரான்சிஸ்டரின் மின்நிலையைச் சரிசெய்கிற பயாஸ் நாப் வெளியே இருக்கிற மாடலாகப் பாருங்கள்.

அப்படியென்றால் பஃபரே கெட்டதா? இல்லை. கேபிளுக்கும் குணம் உண்டு. கிட்டார் கேபிளில் மீட்டருக்கு 100 முதல் 150 பிகோஃபேரட் வரை மின்தேக்கம் இருப்பது சகஜம். ஒரு ஸ்ட்ராட் (Stratocaster) கிட்டார் வகைப் பிக்கப்போடு 6 மீட்டர் கேபிள் போட்டால் ஒலியின் பளபளப்பு உச்சம் சுமார் 3,500 ஹெர்ட்ஸில் இருக்கும், மேடை பெரியது என்று 12 மீட்டர் ஆக்கினால் அதே உச்சம் 2,500 பக்கம் இறங்கிவிடும். பெடல்கள் எல்லாம் டுரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னல் எந்தச் சர்க்கியூட்டையும் தொடாமல் நேராகப் போவது) என்றால் அவற்றை இணைக்கும் சின்ன வயர்களும் இந்தக் கணக்கில் சேரும். அதனால்தான் "டுரூ பைபாஸ் மட்டும்தான் வாங்குவேன்" என்று அடம் பிடிக்கிறவர்களின் கிட்டார் சில நேரம் போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கிறது. ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஒரே ஒரு நல்ல பஃபர் இருந்தால் போதும்.

இப்போது டிலேயில் எதிரொலியின் நேரத்தை எவ்வளவு வைப்பது என்று பார்ப்போம். இதைப் பற்றித் தமிழில் யாரும் பேசிக் கேட்டதில்லை, எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

ஆங்கில ராக் பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் டிலேயை முக்கால் தட்டில் வைக்கச் சொல்வார்கள். கணக்கு சுலபம்: 60,000-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று கிடைக்கும். டெம்போ 100 என்றால் ஒரு தட்டு 600, அதில் முக்கால் 450. ஒரு தட்டை நாலாக வெட்டுகிற பாட்டுக்கு இது துள்ளிக்கொண்டு வரும். ஆனால் நாம் வாசிப்பது என்ன? கோயில் திருவிழாவில் உறுமி அடிக்கிற நடையும், பாதிக் குத்துப் பாட்டுகளும் ஒரு தட்டை மூன்றாக வெட்டுகிற திஸ்ர நடை. அதிலே 450 வைத்தால் எதிரொலி எந்த அடியிலும் விழாது, 400-க்கும் 600-க்கும் நடுவில் எங்கேயோ போய் இடறும். வாசிக்கிறவர் தன் கையில் தாளம் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

[ஒலி: திஸ்ர நடைத் தாளத்தோடு டிலே 450, பிறகு 400, பிறகு 200]

200 அல்லது 400 வையுங்கள். 400 வைத்தால் எதிரொலி மூன்றாவது அடியில் வந்து உட்காரும், நீங்கள் தட்டின் தலையில் மட்டும் ஒரு சுரம் வாசித்தால் போதும், உறுமிக்காரரோடு பேசிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். 200 வைத்து, எதிரொலி ஒருமுறை மட்டும் வரும்படி செய்தால் கை வேகம் இல்லாதவர்கூட வேகமாக வாசிப்பது போலத் தெரியும். டாப் டெம்போ (tap tempo, தட்டித் தட்டி நேரத்தை அமைப்பது) சுவிட்ச் உள்ள டிலே என்றால், தட்டை மூன்றாகப் பிரிக்கிற அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆம்ப்பின் பின்னால் செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளை இருந்தால், டிலேயை அங்கே செருகுங்கள். கரகரப்பை ஆம்ப்பிலேயே ஏற்றுகிறவர்களுக்கு இது முக்கியம், முதலில் பார்த்த அதே சேறு கதைதான். ஆம்ப்பின் ஒலியைக் கரகரப்பில்லாமல் சுத்தமாக வைத்திருக்கிறவர்களுக்கு இதனால் பெரிய லாபம் இல்லை.

கரண்ட். பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகடிவ். ஒரே அடாப்டரிலிருந்து மாலை மாதிரி ஐந்து பெடலுக்குக் கொடுக்கிற வயர் மலிவு, அனலாக் பெடல்களுக்கு அது பெரும்பாலும் போதும். டிஜிட்டல் டிலேயை அதே மாலையில் கோத்தால் ஓவர்டிரைவ் வழியாக "ஙீ" என்று ஒரு விசில் வரலாம். டிலேக்குத் தனி அடாப்டர் கொடுங்கள், விசில் பெரும்பாலும் நின்றுவிடும். பழைய வகை ஜெர்மானியம் ஃபஸ் பலவற்றில் பாசிடிவ்தான் எர்த், அவற்றை மற்ற பெடலோடு ஒரே மாலையில் கோத்தால் ஷார்ட் ஆகும், அவற்றுக்குப் பேட்டரியே நல்லது. வாசித்து முடித்ததும் இன்புட் வயரை உருவிவிடுங்கள், அந்தத் துளைதான் பேட்டரிக்கு சுவிட்ச்.

இரண்டு ஆம்ப் சேர்த்து வாசிக்கும்போது "ஹும்ம்" என்று இரைந்தால், அது நம்ம நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் இரட்டிப்பும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் நிற்கும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிற்கும்தான், ஆனால் ஆம்ப்பில் கோளாறு வந்தால் கரண்ட் கிட்டார் கம்பி வழியாக உங்கள் மேல் இறங்கும், ஈரப் புல்லில் கோயில் மேடைக்காக ஜெனரேட்டர் ஓடுகிற இடத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு ஆம்ப்புக்குப் போகிற சிக்னல் வழியில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்பிளிட்டர் போடுங்கள்.

கடைசியாக, வரிசையையே விட்டுவிடுவோம். இதுவரை ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. இப்போது கிட்டாரை இரண்டாகப் பிரித்து, ஒரு வழியில் ஃபஸ், இன்னொரு வழியில் ஒன்றுமே இல்லாமல், இரண்டையும் ஒரு சின்ன மிக்சரில் சேர்க்கிறேன்.

[ஒலி: ஃபஸ் மட்டும், பிறகு சுத்தமான ஒலியும் சேர்ந்து]

ஃபஸ்ஸின் சீற்றமும் இருக்கிறது, விரல் கம்பியைத் தொடுகிற சத்தமும் தெளிவாகக் கேட்கிறது. சேர்த்தவுடன் அடித்தளம் காணாமல் போய் ஒலி ஒல்லியானால், ஒரு பெடல் சிக்னலைத் தலைகீழாகத் திருப்புகிறது என்று அர்த்தம், மிக்சரில் அந்த சானலின் சிக்னலை மறுபடி தலைகீழாகத் திருப்புகிற பொத்தான் (phase) இருந்தால் அமுக்குங்கள். டிஜிட்டல் பெடல் 1 மில்லி செகண்ட் தாமதித்தாலே 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும், அதைப் பொத்தானால் சரிசெய்ய முடியாது, அனலாக் பெடலை வைத்துப் பாருங்கள்.

மிக்சர் கையில் இருக்கிறதென்றால் இதையும் செய்யலாம். மிக்சரின் ஆக்ஸ் செண்டிலிருந்து (ஒவ்வொரு சானலிலிருந்தும் வேண்டிய அளவு சிக்னலை வெளியே அனுப்புகிற துளை) டிலேக்கு ஒரு வயர், டிலேயிலிருந்து மிக்சரின் வேறொரு சானலுக்கு ஒரு வயர். மிக்சர் கொடுக்கிற சிக்னல் கிட்டாருடையதைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் ஆக்ஸ் நாபை அடிமட்டத்தில் வைத்துத் தொடங்குங்கள். இப்போது டிலேக்குள் கிட்டாரையும் அனுப்பலாம், குரலையும் அனுப்பலாம், உறுமிக்கு வைத்த மைக்கையும் அனுப்பலாம். டிலே திரும்பி வருகிற சானலின் சொந்த ஆக்ஸ் நாபை மெல்லத் திருப்பினால், எதிரொலி தன்னையே தின்று வளர ஆரம்பிக்கும். ஒரு கை அந்த நாபில், இன்னொரு கை டிலே நேரத்தில். நேரத்தைக் குறைத்தால் சுருதி மேலே ஏறும், கூட்டினால் கீழே வழுக்கும், கிட்டாரைத் தொடாமலே ஒரு முழுப் பாட்டுக்கான ஒலி கிடைக்கும். சில டிஜிட்டல் டிலேகள் நேரத்தை மாற்றும்போது டக்கென்று தாவும், அதில் இந்த வழுக்கல் கிடைக்காது.

மாஸ்டர் வால்யூமைக் கால்வாசிக்கு மேல் வைக்காதீர்கள், ஹெட்ஃபோனில் செய்யவே செய்யாதீர்கள். அது ஏற ஆரம்பித்தால் கண் இமைப்பதற்குள் ஏறிவிடும்.