உஸ் சத்தத்துக்கு உள்ளே

வானொலி நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி செக்காலை ரோட்டில் இருபத்தோரு வருஷம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன் நான். துண்டுச் சீட்டில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து கேசட்டை வாங்கிப் போவீர்கள். சில பேருடைய கையெழுத்து இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று எலியட் ஸ்மித் என்ற அமெரிக்கப் பாடகரைப் பற்றிப் பேசப் போகிறேன். இளையராஜா பாட்டுப் பதிந்து கொடுத்தவனுக்கு அமெரிக்கப் பாடகரோடு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

ஒரு பொங்கலுக்கு என் தம்பி மகன் சென்னையிலிருந்து வந்தான். செல்போனையும் ஹெட்போனையும் கொடுத்து, "பெரியப்பா, இது உங்க கடையில பதிஞ்ச மாதிரியே இருக்கு" என்றான். காதில் வைத்தால் முதலில் உஸ்ஸென்று நாடாச் சத்தம். அந்தச் சத்தத்தை ஒழிக்கத்தான் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, நாடா உரசுகிற ஹெட்டை தினமும் துடைத்தேன். இந்த மனுஷன் அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்! அதற்குப் பின்னாலிருந்து கிடாரும், காதோரம் ரகசியம் பேசுவதுபோல ஒரு குரலும் வந்தன. பாடியவர்தான் எலியட் ஸ்மித். 1969இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் பிறந்தவர். பேர் வாங்கியது போர்ட்லாந்து ஊரில்.

அவருடைய முதல் ஆல்பம் 'ரோமன் கேண்டில்' 1994இல் வந்தது. ஒரு வீட்டின் நிலவறையில் நாலு டிராக் கருவி ஒன்றில் பதிந்தது. வெளியிட வேண்டுமென்று பதியவே இல்லையாம். சின்ன இசைத்தட்டு ஒன்று வந்தால் போதும் என்றிருந்தார். கேட்ட கம்பெனிக்காரர்கள் முழுசையும் போடுகிறோம் என்றார்கள். மொத்தம் ஒன்பது பாட்டு, சுமார் அரை மணி நேரம். அதில் நாலு பாட்டுக்குப் பெயரே கிடையாது. 'பெயரில்லை 1', 'பெயரில்லை 2' என்று வரிசையாகப் போகும். பார்த்ததும் சிரித்துவிட்டேன். பெயர் தெரியாத பாட்டுக்கு நானும் கேசட் அட்டையில் அப்படித்தான் எழுதுவேன்.

நாலு டிராக் என்றால் என்ன? நம் கேசட்டுக்கு ஏ பக்கம், பி பக்கம் இருக்கிறதல்லவா? பக்கத்துக்கு இடது ஒன்று, வலது ஒன்று. ஆக நாடாவில் நாலு கோடு. 1979இல் டாஸ்காம் கம்பெனி ஒரு பெட்டி கொண்டுவந்தது. அது நாலு கோட்டையும் ஒரே திசையில் பயன்படுத்தும். முதல் கோட்டில் கிடார், அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததில் குரல், இப்படி ஒருவரே அடுக்கிக்கொண்டு போகலாம். அந்தக் கேசட்டை நம் டேப் ரெக்கார்டரில் போட்டுத் திருப்பினால் மறுபக்கம் பின்னோக்கிப் பேசும், பேய் மாதிரி. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற பெரிய பாடகர் அந்தப் பெட்டியில், வீட்டில் உட்கார்ந்து பதிந்து, 1982இல் ஒரு ஆல்பம் போட்டார். அதன் பெயரும் 'நெப்ராஸ்கா'தான். இது தற்செயல், நான் முடிச்சுப் போடவில்லை.

லோ-ஃபை என்று இப்போது சொல்கிறார்களே, அது இந்த மாதிரிப் பதிவுதான். தரம் குறைவு என்று அர்த்தம். எனக்கு அந்தச் சொல்லோடு சண்டை உண்டு. ஏன் என்று சொல்ல ஓர் ஆச்சியின் கதைக்குப் போக வேண்டும்.

1987 இருக்கும். கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி கடைக்கு வந்தார். மகளுக்குப் பினாங்கில் குழந்தை பிறந்திருக்கிறது, போக முடியாத நிலை, தாலாட்டைப் பதிந்து அனுப்ப வேண்டும் என்றார். மின்விசிறியை நிறுத்தி, நல்ல மைக்கின் முன்னால் உட்கார வைத்தேன். மேடைக் கச்சேரி போல உரக்கப் பாடினார். போட்டுக் காட்டினேன். "இது நானில்ல தம்பி. இதக் கேட்டா பிள்ளை முழிச்சுக்கிரும்" என்றார்.

சரி என்று டெக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். உங்களுக்குத் தெரியாததா, பெரிய வீடு. வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், பாடச் சொன்னால் முட்டை வெள்ளை பூசிய சுவரில் பட்டுக் குரல் சுற்றிச் சுற்றி வருகிறது, நடுநடுவே புறாக்கள் வேறு. கடைசியில் இரண்டாம் கட்டில் நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் போனோம். அங்கே எதிரொலியே இல்லை. துண்டை மடித்து அதன்மேல் மைக்கை வைத்து, ஆச்சியின் தாடைக்குக் கீழே கொண்டுபோனேன். ஆச்சி மூட்டையைக் குழந்தை முதுகு மாதிரித் தட்டிக்கொண்டே, மூச்சோடு மூச்சாகப் பாடினார். நாலாவது அடியில் அடுப்படியில் யாரோ வெண்கலப் பானையை ணங்கென்று வைத்தார்கள். அழித்துவிட்டு இன்னொரு தடவை பாடலாமா ஆச்சி என்றேன். "எதுக்கு அழிக்கிறே? அவ அதையும் கேக்கட்டும்" என்றார்.

எலியட் ஸ்மித்தின் முதல் மூன்று ஆல்பங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூட்டை அறை ஞாபகம் வருகிறது. கிடார் கம்பியில் விரல் வழுக்கும் கிறீச் கேட்கும், அடுத்த வரிக்கு மூச்சிழுப்பது கேட்கும். அவருக்குக் கத்தத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அதே காலத்தில் ஹீட்மைசர் என்ற குழுவில் சத்தமான ராக் பாடிக்கொண்டிருந்தவர் அவர். வீட்டுக்கு வந்து இப்படிப் பாடினார்.

இன்னொன்று, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் தெரியும். பல இடங்களில் அவர் குரல் ஒன்றல்ல, இரண்டு. ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றோடு ஒன்றைச் சேர்த்திருக்கிறார். நம் கல்யாணங்களில் இரட்டை நாயனம் வாசிப்பார்களே, அது போல. இருவர் ஊதினாலும் ஒருவர் ஊதுவது போலக் கேட்கும், ஆனால் ஓரத்தில் ஒரு நூல் பிசகும். அந்தப் பிசகில்தான் உயிர் இருக்கிறது. சோகப் பாடகர் என்று சொல்லி அவரை மூலையில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். வார்த்தையை விட்டுவிட்டுக் கேட்கிற எனக்கு அவர் ஆசாரியாகத் தெரிகிறார். நிலையும் கதவும் எங்கே சேர்ந்தன என்று தெரியாமல் இழைக்கிற நம் ஊர்த் தச்சாசாரி மாதிரி.

1995இல் தன் பெயரிலேயே இரண்டாவது ஆல்பம். 1997இல் 'ஈதர்/ஆர்', தலைப்பு டென்மார்க் தத்துவ ஞானி கீர்கெகார்டின் நூலிலிருந்து. புதிதாகக் கேட்கிறவர்கள் இதில் தொடங்கலாம். அப்புறம் ஒரு படத்துக்குக் கொடுத்த பாட்டு ஆஸ்கருக்குப் போனது. 1998 மார்ச்சில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கிடாரோடு அந்தப் பிரம்மாண்ட மேடையில் தனியாக நின்று பாடினார். பரிசு கிடைக்கவில்லை. அது டைட்டானிக் வருஷம், வேறு யாருக்குக் கிடைக்கும்!

அதே 1998இல் பெரிய கம்பெனிக்குப் போய் 'எக்ஸ்ஓ' செய்தார். பியானோ, வயலின் எல்லாம் வந்துவிட்டன. மூட்டை அறையிலிருந்து வளவுக்கு வந்துவிட்டார் என்று முதலில் எனக்கு வருத்தம். ஆனால் அதில் ஒரு பாட்டு திஸ்ர நடையில், தகிட தகிட என்று சுழன்றுகொண்டே போகும். கடைசிப் பாட்டில் வாத்தியமே கிடையாது, அவர் குரலையே அடுக்கடுக்காக வைத்து... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம்தான். ஆச்சி நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்.

2000இல் 'ஃபிகர் 8'. பீட்டில்ஸ் பாடிய அதே லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவில் சில பாட்டுகளைப் பதிந்தார். சின்ன வயதிலிருந்து பீட்டில்ஸ் பித்து அவருக்கு. 2003 அக்டோபர் 21ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீசில் இறந்துபோனார், வயது 34. பாதியில் நின்றவற்றை வேண்டியவர்கள் முடித்து, மறு வருஷம் வெளியிட்டார்கள். அந்த ஆல்பத்தைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச நினைத்து, குறிப்பும் எழுதி வந்தேன். அது சட்டைப் பையிலேயே இருக்கட்டும். ராத்திரி மின்விசிறியை நிறுத்திவிட்டு, முதல் ஆல்பத்தின் 'பெயரில்லை 3' பாட்டை மட்டும் போட்டுப் பாருங்கள். உஸ் சத்தம் வந்தால் போன் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வணக்கம்.