தட்டாத கதவுகள்

தேர்தல் களப்பணித் தன்னார்வலர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

நண்பர்களே, வணக்கம்.

இந்த அரங்கில் கட்சித் தொண்டர்கள் இருக்கிறீர்கள். எந்தக் கட்சியும் சாராமல், 'வந்து ஓட்டுப் போடுங்கள்' என்று மட்டும் கேட்கப் போகிற தன்னார்வலர்களும் இருக்கிறீர்கள். யாருக்காகப் போனாலும் சரி, உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான். உங்கள் கையில் ஒரு பட்டியல் தருவார்கள். அதில் சில வீடுகளை ஏற்கெனவே விட்டிருப்பார்கள். அந்த வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

விட்டதற்குக் காரணம் உண்டு. தேர்தல் நெருங்கும்போது நாளும் போதாது, ஆளும் போதாது. அதனால் 'எப்படியும் ஓட்டுப் போடுவார், யாருக்கு என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை' என்று தோன்றுகிறவர்களின் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவார்கள். அமெரிக்காவில் ஒருவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது ரகசியம். போட்டாரா இல்லையா என்பது ரகசியம் அல்ல, பதிவேட்டில் இருக்கும். அதைப் பார்த்துத் தொடர்ந்து வராதவர்களின் பெயரைக் கணினியிலேயே வடிகட்டிவிடலாம். அப்படிப் பதிவேடு கிடைக்காத இடங்களில் அனுபவசாலி ஒருவர் அதே வேலையைச் செய்வார்: "அந்த வீட்டுக்காரங்க வரவே மாட்டாங்க, நேரத்தை வீணாக்காதீங்க." வராதவரை யாரும் அழைப்பதில்லை. யாரும் அழைக்காததால் அவர் வருவதில்லை. அவர் வராததால் அவருடைய தெருவைப் பற்றி எந்த வேட்பாளரும் கவலைப்படுவதில்லை. இதை அநியாயம் என்றே நான் சொல்வேன்.

சரி, அங்கே போவது உண்மையிலேயே நேர விரயமா? இதற்கு ஊகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கெர்பரும் டொனால்டு கிரீனும் சுமார் 30,000 வாக்காளர்களை எடுத்துக்கொண்டு குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்குக் கடிதம், சிலருக்குத் தொலைபேசி, சிலர் வீட்டுக்கு நேரில் ஆள், சிலருக்கு எதுவும் இல்லை. எந்தக் கட்சியின் பெயரும் சொல்லவில்லை. தேர்தல் முடிந்தபின் யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று அரசுப் பதிவேட்டில் சரிபார்த்தார்கள். கடிதத்துக்குச் சிறு பலன் இருந்தது. தொலைபேசிக்குப் பலனே தெரியவில்லை. நேரில் ஒருவர் வந்து பேசியவர்களிடையே வாக்களிப்பு எட்டு, ஒன்பது சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது.

இத்தனைக்கும் தட்டிய வீடுகளில் மூன்றில் ஒரு பங்கில்கூட ஆள் கிடைக்கவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். பூட்டிய கதவுகளைப் பார்த்து முதல் நாளே சோர்ந்துவிடாதீர்கள்.

அந்த ஆய்வின் தொடர்ச்சிதான் எனக்கு இன்னும் முக்கியம். மறு ஆண்டு, 1999இல், அதே நகரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. இந்த முறை ஆய்வாளர்கள் யாரையும் போய்ப் பார்க்கவில்லை, எதுவும் நினைவூட்டவில்லை. ஆனாலும் முந்தைய ஆண்டு அழைப்புப் பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வந்து ஓட்டுப் போட்டார்கள். ஒரு முறை வாக்குச்சாவடிக்குப் போய்வந்தவருக்கு அடுத்த முறை வழி பழகிவிடுகிறது.

அடுத்தது நேராக நம் விஷயத்துக்கே வருகிறது. கெவின் ஆர்சனோ, டேவிட் நிக்கர்சன் என்ற இருவர் 11 கள ஆய்வுகளின் தரவுகளை மீண்டும் அலசி 2009இல் எழுதினார்கள். யாரும் கவனிக்காத சிறு தேர்தலில், வழக்கமாக வருகிறவர்களைத்தான் மேலும் கொஞ்சம் அசைக்க முடிகிறது. ஊரெல்லாம் பேசுகிற பெரிய தேர்தலில் நிலைமை தலைகீழ். வழக்கமாக வருகிறவர்கள் நீங்கள் அழைக்காவிட்டாலும் வந்துவிடுவார்கள். உங்கள் அழைப்பால் அசைகிறவர்கள் வழக்கமாக வராதவர்கள்தான். நாம் தயாராகிக்கொண்டிருப்பது நாடு முழுவதற்குமான தேர்தலுக்கு. அப்படியானால் பட்டியலில் விட்டுப்போன வீடுகளில்தான் நம் உழைப்புக்கு அதிக மதிப்பு.

கதவைத் தட்டியபின் என்ன செய்வது? பெரும்பாலானோர் மனதில் ஒரு காட்சி இருக்கிறது: நாம் போவோம், எடுத்துச் சொல்வோம், எதிரே நிற்பவர் 'ஆமாம், நீங்கள் சொல்வதுதான் நியாயம்' என்று கட்சி மாறிவிடுவார். அது அபூர்வம். ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் 49 கள ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பொதுத் தேர்தல்களில் பிரச்சாரத் தொடர்பால் வாக்காளர் ஒரு வேட்பாளரை விட்டு இன்னொருவருக்கு மாறுவது சராசரியாகப் பூஜ்யம் என்பது அவர்கள் முடிவு. கசப்பான முடிவுதான். ஆனால் பிரான்சில் வேறு மாதிரி நடந்தது. 2012 அதிபர் தேர்தலில் பிரான்சுவா ஒல்லாந்தின் தொண்டர்கள் சுமார் 50 லட்சம் கதவுகளைத் தட்டினார்கள். அந்தப் பணியை வகுத்தவர்களில் ஒருவரான வின்சென்ட் போன்ஸ் அதன் விளைவைப் பிறகு ஆராய்ந்தார். வாக்களிப்பு விகிதம் கூடவில்லை, ஆனால் ஒல்லாந்துக்கு விழுந்த ஓட்டு கூடியிருந்தது; அந்தத் தாக்கம் அடுத்தடுத்த தேர்தல்களிலும் நீடித்தது. அமெரிக்க வாக்காளரைப் போல இரண்டே கட்சிக்குள் இறுகிப்போகாத வாக்காளர்கள் அவர்கள் என்பது காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மனம் மாறுவது பற்றி இன்னொரு வரலாறும் உண்டு. 2014 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. வீட்டுக்கு வந்த ஒருவருடன் சுமார் 20 நிமிடம் பேசியதால் தன்பாலினத் திருமணம் பற்றிய எண்ணம் மாறி, அந்த மாற்றம் பல மாதம் நீடித்தது என்று அது சொன்னது. உலகமே பாராட்டியது. 2015 மே மாதம் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதன் தரவுகளை நம்ப முடியவில்லை. குறையைக் கண்டுபிடித்து வெளியே சொன்னவர்களில் இருவர், நான் முன்பு சொன்ன அதே புரூக்மனும் கல்லாவும்தான். அதோடு அவர்கள் நிற்கவில்லை. மயாமியில் உண்மையான களத்தில் இறங்கி, திருநர்கள் மீதான வெறுப்பைப் பற்றி வீட்டு வாசலில் சுமார் 10 நிமிடம் பேசவைத்துச் சோதித்தார்கள். 2016இல் முடிவு வந்தது: வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் அது குறைந்தே இருந்தது. பேசப் போனவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் கிடைத்தது.

அந்த 10 நிமிடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். போனவர்கள் வாதாடவில்லை, புள்ளிவிவரம் அடுக்கவில்லை. 'உங்களை யாராவது வேறுபட்டவர் என்று ஒதுக்கியதுண்டா?' என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வீட்டுக்காரர் தன் கதையைச் சொன்னார். அந்தக் கதையிலிருந்து அடுத்தவர் படும் பாடு அவருக்கே புரிந்தது.

இனி வாசலுக்கு வருவோம். கதவு பாதிதான் திறக்கும். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். திறந்தவரின் ஒரு கை கதவின் மேலேயே இருக்கும், கண் முதலில் உங்கள் முகத்தைப் பார்க்காது, கையிலிருக்கிற காகிதத்தைத்தான் பார்க்கும். துண்டறிக்கையை முதலில் நீட்டினால், வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். வாங்கியதோடு கடமை முடிந்தது. ஆகவே காகிதத்தைப் பையில் வையுங்கள். பெயரைச் சொல்லுங்கள், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், சம்பளத்துக்கு வரவில்லை என்று சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி: "இந்தப் பகுதியில முதல்ல எது சரியாகணும்னு நினைக்கிறீங்க?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "எவன் வந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்" என்பார். உடனே மறுத்துப் பேசாதீர்கள். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் கிடைக்காத ஓய்வூதியம் இருக்கலாம், அலைந்து அலைந்தும் வாங்க முடியாத சான்றிதழ் இருக்கலாம். "எப்போ இருந்து அப்படித் தோணுது?" என்று கேளுங்கள். கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும்.

சம்பளம் என்றேன். பிரிட்டனில் 1983ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வாக்கு சேகரிக்கக் கூலிக்கு ஆள் அமர்த்துவது குற்றம். ஜப்பானில் வீடு வீடாகப் போய் வாக்கு கேட்பதற்கே 1925 முதல் தடை. வீட்டுக்குள் போனால் பணம் கைமாறும் என்ற அச்சம் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்தத் தடையோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அச்சம் பொய்யல்ல. வாசலில் நிற்கிறவர் மீது மக்களுக்கு இருக்கும் சந்தேகம், பலரின் நடத்தையால் சேர்ந்தது. ஒரு பரிசுப் பொருளும் ஒரு வாக்குறுதிச் சீட்டும் உங்கள் கையில் இருக்கக் கூடாது. 'யாருக்குப் போடுவீங்க?' என்று நெருக்கிக் கேட்கவும் கூடாது. சொல்ல விரும்பினால் அவராகவே சொல்வார். அந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், பகலில் யாரும் இருப்பதில்லை என்பதுபோல் நீங்கள் தெரிந்துகொள்ளும் எதையும் குழுவில் பகிராதீர்கள். தனியாகப் போகாதீர்கள், இருட்டியபின் தட்டாதீர்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லித் திரும்புங்கள்.

ஓட்டுப் போட வருவேன் என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன வேலையாக இருப்பீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள். நிக்கர்சனும் டாட் ரோஜர்ஸும் 2008இல் பென்சில்வேனியாவில் தொலைபேசி வழியே இதைச் சோதித்தார்கள். வெறுமனே 'வாருங்கள்' என்றதைவிட, நாளைத் திட்டமிடவைத்த இந்தக் கேள்விகளுக்கு நல்ல பலன் கிடைத்தது. ஒரே ஒரு வாக்காளர் உள்ள வீடுகளில் பலன் இன்னும் அதிகம். பதில் சொல்லும்போதே சிக்கல் வெளியே வந்துவிடும். 'அன்னைக்கு எனக்கு வேலை', 'படியேற முடியாது', 'சாவடி எங்கேன்னே தெரியாது' என்பார்கள். இவற்றுக்கு உங்களால் விடை தேடித் தர முடியும். சித்தாந்தம் பேசுவதைவிட இது பயனுள்ள வேலை.

இதே நிக்கர்சன் டென்வரிலும் மினியாபொலிஸிலும் இரண்டு வாக்காளர் உள்ள வீடுகளைத் தேர்ந்து, கதவைத் திறந்தவரிடம் மட்டும் ஓட்டுப் போடச் சொல்லிப் பேசவைத்தார். பேசியதன் தாக்கத்தில் சுமார் 60 சதவீதம், பேசப்படாமல் உள்ளே இருந்த மற்றவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நீங்கள் போனபிறகும் அந்த வீட்டில் பேச்சு தொடர்கிறது.

இப்போது இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் வாக்காளர், ஒருவர் தொண்டர். முதல் மூன்று நிமிடம் தொண்டர் கேள்வி மட்டுமே கேட்கலாம். கட்சிப் பெயர், சின்னம், திட்டம் எதுவும் வாயில் வரக் கூடாது. பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் பகுதி வாரியான பட்டியல்களைத் தருகிறோம். உங்கள் தெருவில் அதில் இல்லாத வீட்டு எண்களை நீங்களே கையால் எழுதிச் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள்.