தூண்டில் நரம்பில் ஒரு தசை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

என் கையில் இருப்பது மீன் பிடிக்கிற நைலான் நரம்பு. நேற்றிரவு இதன் ஒரு முனையை டிரில்லிங் மெஷினில் மாட்டினேன். மறுமுனையில் பளுவைக் கட்டி, அது சுழலாமல் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். முறுக்கு ஏற ஏற, ஒரு கட்டத்தில் நரம்பு தானாகவே சுருண்டு பேனா ஸ்பிரிங் மாதிரி ஆகிவிட்டது. இப்போது அடியில் ஒரு கல் தொங்குகிறது. ஹேர் டிரையரைக் காட்டுகிறேன், கல்லையே பாருங்கள். ஏறுகிறதா? காற்றை நிறுத்தினால் மெல்ல இறங்கும்.

சூடுபட்டால் இந்த நைலான் நீளத்தில் சுருங்கும், பருமனில் உப்பும். முறுக்கிய இழை அப்போது பிரியப் பார்க்கும். பிரிய விடாமல் கட்டியிருப்பதால், அந்தத் திமிறல் முழுவதும் சுருளை மேலே இழுக்கிறது. மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை. 2014-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் ரே பாக்மன் குழுவினர் இதைச் செய்துகாட்டினார்கள். அதே நீளமும் எடையும் கொண்ட மனிதத் தசையைவிட நூறு மடங்கு பளுவை இது தூக்கும். குறையும் உண்டு: கொடுக்கிற வெப்பத்தில் பெரும்பகுதி வீண், ஆறுவதற்கும் நேரமாகும்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு ஈடுபாடு என்று கேட்பீர்கள். பக்கவாதத்தில் என் அப்பாவின் வலக்கை விரல்கள் மடங்கிப்போயின. தினமும் காலையில் அம்மா வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுவார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அம்மாவின் கைக்குத் தெரியும். இரும்பாலான இயந்திரத்தை நம்பி அந்த விரலைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

இதே கவலை ஜோசப் மெக்கிபனுக்கும் இருந்தது. 1945 ஜூலை 16 அன்று, உலகின் முதல் அணுகுண்டுச் சோதனையில் கடைசி நொடிகளுக்கான தானியங்கிக் கருவியை ஓடவிட்ட இயற்பியலாளர் அவர். பிறகு அவருடைய மகளை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அவள் விரல்கள் அசைய வேண்டும் என்பதற்காக 1950-களில் அவர் செய்தது ஒரு ரப்பர் குழாய், அதன்மேல் ஒரு பின்னல் உறை, அவ்வளவுதான். காற்றடைத்தால் குழாய் பருக்கும், நீளம் குறையும். கையை மடக்கும்போது நம் புஜத் தசையும் அப்படித்தானே!

ஆனால் காற்றுக்குப் பம்பு வேண்டும். பம்பே வேண்டாம் என்கிறது மின்சாரத்துக்கு அசையும் ரப்பர். மெல்லிய படலத்தின் இரு பக்கமும் மின்னழுத்தம் கொடுத்தால் அது நசுங்கிப் பரவும். சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தார் இதைத் துடுப்பை அசைக்கும் தசையாக வைத்து ஒரு மீன் ரோபோ செய்தார்கள். பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியில் 10,900 மீட்டர் ஆழத்தில் அது துடுப்படித்ததை 2021-ல் வெளியிட்டார்கள். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு டன்னுக்கும் மேல் அழுத்தம்! கனத்த இரும்புக்கூடு எதுவும் அதற்கு இல்லை. ஆழ்கடல் நத்தைமீனின் மண்டையோட்டு எலும்புகள் முழுக்க ஒட்டாமல் இடைவெளி விட்டிருப்பதைப் பார்த்து, மின்னணுப் பாகங்களைத் தள்ளித் தள்ளி வைத்து சிலிக்கோனுக்குள் புதைத்திருந்தார்கள்.

அந்த ஆழம் வரை போன ரப்பர், ஒரு கையுறைக்குள் அடங்கி நம்மூர் பிசியோதெரபி அறைக்கு வரவேண்டும். ரப்பருக்குக் கேட்கும் உயர் மின்னழுத்தம் குறைய வேண்டும், நைலான் சீக்கிரம் ஆற வேண்டும். பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) படிக்கும் பிள்ளைகள் இங்கே இருந்தால், மேடைக்கு வந்து இந்தச் சுருளைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் சூடு ஆறவில்லை.